ஏலக்காய்க் கடைக்கு நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயை வாங்கி, சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி வடக்கே அனுப்புவார். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். பாடத்தைவிட அதிகமாக நடத்தியது லினக்ஸ் பிரச்சாரம். விண்டோசுக்கு மாற்றாக எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டம் அது. கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரிடம் அதன் அருமையைச் சொல்லியிருக்கிறேன். அவர் ரசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பொங்கல் விடுமுறையில், யாரோ கொண்டுவந்த பென் டிரைவ் வழியாக மாமாவின் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. வெளியே வருத்தப்பட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்.

"மாமா, புதுசா ஒரு பொட்டி வாங்குங்க. லினக்ஸ் போட்டுத் தர்றேன். இந்தத் தொல்லையே இருக்காது."

"நீ படிச்ச ஆளு மாப்ளே, என்னமும் செய்யி. சோலி நிக்காமப் பாத்துக்க, அம்புட்டுதான்."

அந்தக் கடையில் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் ஒரே ஒருவர். ஐம்பது வயது தாண்டிய பெண்மணி, தேவாரத்திலிருந்து தினமும் பஸ்சில் வருகிறவர். நான் அவரை அக்கா என்பேன். புதுப் பெட்டியின் முன் உட்காரவைத்து அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். மெனு எங்கே இருக்கிறது, ஃபைல் எங்கே போகும், மென்பொருள் சுதந்திரம் என்றால் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எடை மெஷினு இதுல வருமா தம்பி?"

"எல்லாம் வரும்க்கா" என்றேன். எடை மெஷின் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு மாதம் ஒருமுறை மாமாவுக்குப் போன் செய்து விசாரிப்பேன். "ஒரு கொறையும் இல்ல மாப்ளே" என்பார். ஒரு வருடம் இப்படியே போனது. எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் இதையே பேசினேன். மலையடிவாரத்து ஏலக்காய்க் கடையில் லினக்ஸ் ஜெயித்துவிட்டது என்றேன். எடை மெஷினை எப்படி இணைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். "கூட்டு முயற்சியால்" என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்கும் கைதட்டல் கிடைத்தது.

அந்த உற்சாகத்தில், வீடியோ எடுக்கலாமென்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இருவரை ஒரு சனிக்கிழமை கடைக்கே அழைத்துப் போனேன். சொல்லாமல் போனதுதான் தப்பு.

மேஜையில் நான் வாங்கவைத்த பெட்டி துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அதிலிருந்து முருகன் பாட்டு கேட்டது. அக்காவோ சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி" என்றார். எதையும் மறைக்கவில்லை.

"லினக்ஸ் எதுங்க?" என்று நண்பர்களில் ஒருவர் கேட்டார்.

"இந்தா, பாடுதுல்ல. ஒரு வருசமா ஒரு நா நின்னதில்ல. நல்ல பொட்டி."

நண்பர்கள் டீ குடிக்கப் போகிறோம் என்று நாகரிகமாக வெளியே போனார்கள். "ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்கிட்டக் கேக்கலையே தம்பி. மொதலாளிகிட்டல்ல கேட்டீக? அவுகளுக்கு ரெண்டு பொட்டிக்கும் வித்தியாசம் தெரியாது." வைரஸ் வந்த பெட்டியை மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டாராம்.

டீ குடித்துவிட்டு வந்த நண்பர்களை மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எடை மெஷினுக்கு ஒரு புரோகிராம், மூட்டைக்கு ஸ்டிக்கர் அடிக்க ஒன்று, ஆன்லைன் விண்ணப்பத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஒன்று. மூன்றுமே விண்டோசில் மட்டும் ஓடுகிறவை. எடை புரோகிராம் எழுதியவரைப் போனில் பிடித்து, லினக்சுக்கும் எழுதித் தரச் சொன்னேன். "உங்களத் தவிர வேற யாரு சார் கேக்குறா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். நானும் கேட்கவில்லைதான், அன்றுவரை.

விண்டோஸ் புரோகிராமை லினக்சில் ஓடவைக்க ஒரு குறுக்குவழி உண்டு. அடுத்த வாரம் அதைச் செய்து பார்த்தேன். ஓடியது. ஆனால் இந்த மூட்டையைத் தராசில் ஏற்றினால் முந்தின மூட்டையின் எடை திரையில் வந்தது.

"தம்பி, இது போன மூட்டையவே நெனச்சுக்கிட்டு இருக்கு" என்றார் அக்கா.

தோல்வியை ஒப்புக்கொண்டு, பழைய கம்ப்யூட்டரைத் திறந்து நானே தூசு தட்டிக் கொடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து மழைக்காலத்தில் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதற்குள் எடை புரோகிராம்காரர், எல்லோரும் செல்போனில் பார்க்க ஆசைப்பட்டதால், அதை பிரௌசருக்கே மாற்றியிருந்தார். மற்ற இரண்டு வேலைகளும் அதேபோல் பிரௌசருக்கு மாறியிருந்தன. நான் போனபோது அக்கா லினக்சில் மொத்த வேலையையும் செய்துகொண்டிருந்தார்.

"மாறிட்டீங்களாக்கா!" என்று கூவிவிட்டேன்.

"எங்கிட்டு மாற? எல்லாம் பிரௌசர்லதான வருது. எந்தப் பொட்டியா இருந்தா என்ன தம்பி?"

ஆக, எது ஓடினாலும் ஒன்றுதான் என்று ஆன பிறகுதான் நான் ஜெயித்தேன்.

மாமா மட்டும் பெருமைப்பட்டுக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரரிடம் போய், மாப்பிள்ளை உங்களுக்கும் போட்டுத் தருவான் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடையில் காயை நிறம் பார்த்துப் பிரிக்கிற புது மெஷின் இருந்தது. நான் காலையிலிருந்து மதியம்வரை நின்று பார்த்தேன். அதன் புரோகிராம் விண்டோசில்தான் ஓடும்.

"உங்களுக்கு விண்டோஸ்தாண்ணே சரி" என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் முகம் சுண்டிப்போனது. "அது சரி, நல்ல சரக்கெல்லாம் சொந்தக்காரவுகளுக்குத்தான் போல" என்றார். இன்றும் வழியில் பார்த்தால் சரியாகப் பேசுவதில்லை.