நான் வெட்டிய நீல எழுத்துகள்

மெல்பேர்னில் எங்கள் தெருவில் நான் கதவு தட்டக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை. பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு வாய் வராது, அன்ரி என்பேன். அவர் என்னை அன்பாக 'லவ்' என்பார். இவர், என் கணவர், வேலைக்குப் போனபின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான் ஓடுவேன்.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு அன்ரி ஒரு பழைய போஸ்டர் தந்தார். பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் கண்காட்சிக்காகக் கல்லில் வரைந்து அச்சடித்த லித்தோகிராஃப். ஒரு ஜன்னல், இரண்டு எலுமிச்சம்பழம், கீழே நீல எழுத்துகள்.

ஊரில் கடைக் கலண்டரில் வரும் சரஸ்வதியை, அடியிலுள்ள கடைப்பெயரை வெட்டிவிட்டுத்தான் பிரேம் போடுவோம். அதே ஒழுங்கோடு அடிமட்டம் வைத்துக் கோடு பிடித்து எழுத்துகளை வெட்டிவிட்டு, படத்தைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினேன். வெட்டிய பகுதியும் நல்ல தடித்த தாள், எறிய மனம் வரவில்லை. துண்டுகளாக்கி, பின்பக்கத்தில் மிளகாய், மல்லி, சீனி என்று எழுதிக் கண்ணாடிப் போத்தல்களில் ஒட்டினேன்.

"கேட்டிட்டு வெட்டியிருக்கலாம்," என்றார் இவர்.

"கலண்டர் வெட்ட ஆரைக் கேக்கிறது?" என்றேன். ஆனாலும் மனம் அரித்தது.

சனிக்கிழமை அன்ரி அந்த ஓவியரைப் பற்றிய புத்தகத்தோடு தேநீருக்கு வந்தார். ஓவியரின் இளமைப் படங்களில் எல்லாம் மண்ணிறம், ஒவ்வொரு இலையும் தனித்தனியாக. நடுவயதில் நிறங்கள் வெளித்துப் பளிச்சிட்டன. முதுமையில் நாலு கோடுதான்.

"கடைசியில் எழுத்தையும் படமாகவே வரைந்தார், லவ். உன் போஸ்டரில் இருப்பது அவர் கைப்பட வரைந்த எழுத்து. எனக்குப் பிடித்ததே அதுதான்." சுவரைப் பார்த்தார். "எழுத்து எங்கே?"

"பிரேமுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்," என்றேன்.

"அப்பாடா. மடிப்பை நீவிவிடலாம்."

அவர் நிம்மதியைப் பார்க்க முடியாமல் தேநீரில் சீனி போட்டேன். கடைசிக் கரண்டியோடு போத்தல் வெறுமையாக, கண்ணாடிக்குள்ளால் நீல வளைவு ஒன்று தெரிந்தது. நான் எட்டுமுன் அவர் போத்தலை எடுத்துத் திருப்பினார்.

"இது உன் எழுத்தா?"

"ஓம்... சீனி என்று."

"அழகாக எழுதுகிறாய்," என்றார். புத்தகத்தை மூடினார்.

துண்டுகளை ஊறவைத்து உரித்தேன். கொடுத்து மன்னிப்புக் கேட்கத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. துண்டுகளைக் கார்டிகன் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"அன்ரி, அந்தப் போஸ்டர்..." என்று தொடங்கினேன்.

அவர் அதற்குள் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். துண்டுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.