ஜெயசீலன் அண்ணனும் நான் போட்ட படிவமும்

செய்தி வந்தபோது நான் ஆவடி போகும் பேருந்தில் இருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொருமுறை நேரில் போய்க் காட்ட வேண்டும். அதற்காகத்தான் கிளம்பியிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஆயர் எழுதியிருந்தார்: "நம் ஜெயசீலன் அண்ணன் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எனக்கு எதையும் அனுப்பத் தோன்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, திரும்பி வரும் பேருந்துக்காக நின்றேன்.

நான் இந்தச் சபையின் சமூகப்பணிக் குழுச் செயலாளர். மறைந்தவர்களைப் பற்றிச் சபை மாத இதழில் எழுதும் வேலையும் என்னுடையதுதான். அன்பானவர், பண்பானவர், ஆலயக் காரியங்களில் முன்நின்றவர் என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறேன். ஜெயசீலன் அண்ணனை அப்படி அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது போதாது. அறியாதவர்களுக்கு நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். குள்ளமான உருவம், எப்போதும் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ். ஓய்வு பெற்ற புதிதில், சபையில் ஒரு குடும்பத்தார் தங்கள் தகப்பனார் காலமானதும் அவருடைய சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து ஆலய வராந்தாவில் விட்டுப் போனார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் அண்ணன் புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டு, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, பக்கத்துத் தெருவில் கால் எடுக்கப்பட்ட ஒரு சர்க்கரை நோயாளியின் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வீட்டார் நம் சபையார் அல்லர், கிறிஸ்தவர்களும் அல்லர். நாற்காலி வேண்டும் என்று அவரிடம் கேட்டவர்களும் அல்லர்.

அப்படித்தான் ஞாயிறு பள்ளிக்குப் பின்னால் உள்ள அந்த அறை தொடங்கியது. வாக்கர், கமோடு நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அம்பத்தூரில் யாராவது கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால், மருத்துவமனைக்கு அடுத்து அண்ணனைத்தான் தேடினார்கள். ஒரு நோட்டுப் புத்தகம்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. எது எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது.

எந்தப் பொருளையும் தான் பயன்படுத்திப் பார்க்காமல் அவர் கொடுக்க மாட்டார். புதிதாக வந்த ஏர் பெட்டில் அவர் சட்டையோடு நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்து ஒருமுறை நான் பதறிவிட்டேன். "பயந்துட்டீங்களா சார்?" என்று எழுந்து உட்கார்ந்தார். "இடது பக்கம் காத்து கம்மியா ஏறுது. நாம படுத்துப் பாக்காம அடுத்தவங்களப் படுக்கச் சொல்லலாமா?"

மாங்காட்டில் ஒரு வீட்டில் கட்டிலோடு போய் இறங்கியபோது அந்த வீட்டம்மாள் வாசலை மறித்து, "ஜெபம் கிபம் பண்றதுன்னா வோணாம்ங்க, இப்பவே சொல்லிடறேன்" என்றிருக்கிறார். அண்ணன், "சரிம்மா. ஊட்ல ஸ்பேனர் கீதா? என்னுது வண்டியிலயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாராம். கட்டிலைப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அதே அம்மாள் ஆலயத்துக்கு வந்து, "உங்க அண்ணன வந்து எங்க ஊட்டுக்காரருக்காக எதுனா சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க" என்று கேட்டது எனக்குத் தெரியும். அவர் போய் ஜெபித்தார். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, அந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

கொடுத்ததை அவர் திருப்பிக் கேட்டதில்லை. நோயாளி இறந்துவிட்டால் அடக்கத்துக்குப் போவார், பொருளைப் பற்றிப் பேச மாட்டார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்த வீட்டில் அழுகை ஓய்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்து வருவார். டெட்டால் போட்டு அவரே கழுவுவார்.

இந்த நேரத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளைத்தாளில் கட்டம் போட்டால்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வரும். நான் செயலாளரான ஆண்டில் ஒரு சக்கர நாற்காலி காணாமல் போனது, வாங்கிய குடும்பம் சொல்லாமல் வீடு மாறிவிட்டது. இன்னொரு வீட்டில் நம் வாக்கரில் துணி உலர்த்திக்கொண்டிருப்பதை நானே பார்த்தேன். சபைப் பொருள் இப்படிப் பாழாகலாமா என்று குழுவில் கொதித்தேன். கொதித்தவன் வீட்டுக்குப் போய் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தேன். நோயாளியின் பெயர், முகவரி, ஆதார், நோயின் தன்மை, இரண்டு பேரின் சிபாரிசு, குழுவின் ஒப்புதல். ஏழாவது கட்டத்தில், "எத்தனை நாட்களுக்குத் தேவை?"

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து, "சார், இது ஒண்ண மட்டும் எடுத்துடுங்களேன்" என்றார்.

"அதுதாண்ணே முக்கியம். தேதி இல்லேன்னா எப்படித் திரும்பி வரும்?"

"திரும்பி வரும் சார். எல்லாமே திரும்பி வந்துடும். அதான் சார் கஷ்டமே."

அவர் சொன்னது எனக்கு அன்று விளங்கவில்லை. படிவத்தை நூறு பிரதி எடுத்தேன்.

அடுத்த மாதம் வெள்ளானூரிலிருந்து லோகநாயகி என்ற பெண்மணி வந்தார். கணவருக்குத் தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இன்னும் சில வாரம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணன் ஏர் பெட்டைத் துடைத்து வராந்தாவில் தயாராக வைத்திருந்தார். நான் படிவத்தை நீட்டினேன். எழுதத் தெரியாது, நீங்களே எழுதுங்கள் என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவந்தேன். ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் அதையும் கேட்டேன்.

அந்தப் பெண்மணி என் முகத்தையே பார்த்தார். "எம்புருசன் இன்னும் எத்தினி நாளிக்கு இருப்பார்னு நான் சொல்லணுமா சார்?"

நான் பேனாவைப் பிடித்தபடி, ஒரு தேதி சும்மா போடலாம், பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்று விதியை விளக்க ஆரம்பித்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று பிற்பகலே அண்ணன் ஏர் பெட்டைத் தம் மொபெட்டில் கட்டிக்கொண்டு வெள்ளானூர் போனார். படிவம் இல்லை, சிபாரிசு இல்லை, ஒப்புதல் இல்லை.

நான் அதைக் குழுவில் புகாராக வைத்தேன். தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை என்று முன்னுரை வேறு சொன்னேன். ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். நான் பேச்சில் கெட்டிக்காரன், அண்ணனுக்குப் பேச்சு வராது. அறையின் சாவியைச் செயலாளரிடம் ஒப்படைக்கும்படி தீர்மானமாயிற்று. அவர் சாவியை மேசையில் வைத்து, "சார் என்னவிட நல்லா பாத்துப்பார்" என்றார். குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைத் தேடினேன். அவர் உண்மையாகவே சொன்னார்.

நானும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அறையில் இருந்த எல்லாப் பொருள்களுக்கும் எண் ஒட்டினேன், பிளாஸ்டிக் உறை போட்டேன். படிவமில்லாமல் வெள்ளானூர் போன பெட் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. கேட்டு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படி குறைந்தார்கள். தேவையே குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பொருள் ஒன்றுகூடத் தொலையவில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினேன், சபையாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனும் கைதட்டினார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல, "ஸ்தோத்திரம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். சாத்துக்குடி வாங்கிப் போனேன். மரக்கட்டிலில் பஞ்சு மெத்தை, அது நடுவில் அமுங்கிப்போயிருந்தது. என் கண் அதைப் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. கிளம்பும்போது, "ஏதாவது வேணும்னா சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் பாதி வாயால் சிரித்து, "ஒண்ணும் வேணாம் சார்" என்றார். சபையில் மற்றவர்களும் போய் வந்தார்கள். சாவி செயலாளரிடம் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அவருடைய நிலையில் வேறொருவர் படுத்திருந்தால், அண்ணன் யாரையும் எதையும் கேட்டிருக்க மாட்டார். மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருப்பார். நான் வேணுமா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செய்தி வந்த அன்று, திரும்பி வந்த பேருந்திலிருந்து இறங்கி நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். புரட்டிப் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், கை கொடுத்தேன். அப்போதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். அதை இங்கே விவரிக்க எனக்கு உரிமை இல்லை.

அவர் மனைவி செல்வராணி அக்கா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "அக்கா, நம்ம ரூமில் மூணு பெட் சும்மா கிடக்குதே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரலில் அப்போதும் குற்றம் சாட்டும் தொனிதான் இருந்தது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் வந்து எழுதிக் குடுத்து வாங்கியாறேன்னுதான் சொன்னேன் சார். அவருதான் வுடல. 'அந்தக் கட்டத்துல நீ இன்னான்னு சொல்லுவ ராணி? நீ அழுவ. அத்தப் பாத்து சார் சங்கடப்படுவார். அவர் நல்ல மனுசன், வோணாம்'ன்னார்."

லோகநாயகி அம்மாளும் வந்திருந்தார். அவர் கணவர் காலமாகி ஓராண்டாவது ஆகியிருக்கும் என்று நினைத்து ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். "இல்ல சார், கீறார்" என்றார். "அண்ணன் குடுத்த பெட்லதான் கீறார். இப்ப சாஞ்சி குந்தி டிவி பாக்கறார். அண்ணன் இப்டிப் படுத்துகினு கீறார்னு யாரும் ஒரு வார்த்த சொல்லலியே சார். சொல்லியிருந்தா நானே தூக்கியாந்து போட்டிருப்பேனே." அன்று நான் அந்தக் கட்டத்தில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தால், ஒரு மாதம் முடிந்ததும் ஆள் அனுப்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் ஆயர் என்னைப் பேச அழைத்தார். அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்பானவர், பண்பானவர் என்று தொடங்கி, ஆலயக் காரியங்களில் முன்நின்றவர் என்று முடித்துவிட்டேன். மைக்கைப் பிடித்தால் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது போலும். ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தப் படிவம் என்னுடையது. ஏழாவது கட்டத்தை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அவரிடமிருந்து சாவியை வாங்கியவன் நான். அவர் உயிரோடு இருந்தபோது இதில் ஒரு வரியைக்கூட அவரிடம் சொல்லாதவனும் நான்தான்.

அண்ணே, சபையின் சார்பில் உங்களுக்குச் சவப்பெட்டி எடுக்கும் பொறுப்பையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். கடைக்கு ஒரு போன் செய்தேன். உள்ளே மெத்தை நல்ல தடிப்பாக இருக்கட்டும் என்றேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அரை மணி நேரத்தில் வாசலில் வந்து இறங்கிவிட்டது. உங்களைப் படுக்க வைக்கும் முன்னால் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. போய் வாருங்கள்.