கழுத்தில் கேட்ட சத்தம்

வார்டில் அவளுக்குக் காது சிஸ்டர் என்று பெயர். தாடையைப் புற்றுநோய் தின்றவர்களுக்குக் காலிலிருந்து எலும்பு எடுத்து, அதன் ரத்தக்குழாயைக் கழுத்துக் குழாயோடு தைத்துப் புதுத் தாடை வைப்பார்கள். அந்த எலும்பு உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. மேலே தோலும் சேர்த்து வைத்திருந்தால் ஊசியால் குத்தி, ரத்தத்தின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அந்த வாரம் வந்த பஸ் கண்டக்டர் ஒருவருக்கு வைத்தது வெறும் எலும்பு, சதைக்குள் புதைந்து கிடந்தது. பேனா மாதிரிக் கருவியைக் கழுத்தில் வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பது ஒன்றுதான் வழி. எங்கே வைப்பதென்று டாக்டர் ஒரு தையல் போட்டு அடையாளம் காட்டியிருந்தார்.

வண்டி ஓடுதா என்பாள் கண்டக்டர் மனைவி. ஜோராக ஓடுகிறது என்பாள் காது சிஸ்டர். வாய் பேச முடியாத கண்டக்டர் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவார். பஸ் மணிக் கணக்குத்தான்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம் ரைட்.

மூன்றாம் நாள் காலை கழுத்து வீங்கியிருந்தது. தையல் மேல் வைத்தால் சத்தமே இல்லை. பேனாவை ஒரு விரல் தள்ளி வைத்தாள். திடும் திடுமென்று கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

"நேத்தைவிட நல்லாவே கேக்குதும்மா."

இரண்டு தட்டு.

மறுநாள் காய்ச்சல் ஏறவே டாக்டர் திறந்து பார்த்தார். எலும்பு சாக்பீஸ் போல வெளுத்திருந்தது. சுரண்டினார், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முந்தின நாளே தெரிந்திருந்தால் குழாயின் அடைப்பை எடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். செத்த எலும்பை எடுத்துவிட்டார். வேறு எலும்பு வைக்கலாமென்றால் இன்னொரு காலில் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போயிருந்தன, அதைத் தொட வழியில்லை. டாக்டர் திட்டவில்லை. எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டார். தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டினாள். அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

தாடை இல்லாமல் வார்டுக்கு வந்தவரின் முகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. மனைவி வழியை மறித்தாள்.

"ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப வைங்க, பாப்போம்."

வைத்தாள். அதே இடம். அதே திடும் திடும்.

"ஓடுதே சிஸ்டர். அப்புறம் ஏன் எடுத்தாங்க?"

"இது அவர் கழுத்துல எப்பவும் ஓடுறதும்மா. எலும்புக்குப் போறது இல்ல. அன்னைக்கும் நான் இதைத்தான் கேட்டேன்."

அந்தம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். காது சிஸ்டருக்குப் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. சத்தம் போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர் கையை நீட்டிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார்.