பத்துத் தரம்

அப்பா கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது 1983 ஆவணியில். தேதியை அம்மாவாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதாமல் விடுகிறேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞர். கந்தோரின் துப்பாக்கி சுடும் குழுவிலும் இருந்தவர். கொழும்பில் தமிழரை அடித்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவருடைய வலது கை நடுங்கியது. தேத்தண்ணீர் தளம்பிச் சாரத்தில் சிந்தும். கார்த்திகையில், உடனே வேலைக்குத் திரும்பும்படி கடிதம் வந்தது. போகாவிட்டால் வேலை போய்விடும்.

நடுக்கத்தை நிறுத்த அப்பா தனக்குத் தெரிந்த வழியைக் கையாண்டார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த மாமாவிடம், வௌவால் விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. அதை வாங்கிவந்து, பின்னேரங்களில் தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகினார். முதலில் குழலைத் திறந்து எனக்குக் காட்டுவார். "வெறுமை" என்று நான் சொல்ல வேண்டும். உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி பழுதாகாமல் இருக்க, வெடித்த தோட்டாவின் கோதைப் போட்டு மூடுவார். குழலின் நுனியில் நான் ஒரு சதக் குத்தியை, அந்தச் சின்ன நாணயத்தை, வைப்பேன். சுவர்க் கலண்டரைக் குறிபார்த்து விசையை இழுப்பார். 'டக்' என்று தட்டும்போது குத்தி விழக்கூடாது. மூன்றாம் நாலாம் தரத்தில் விழுந்துவிடும்.

"அத்தான், வௌவாலுக்குச் சிரிப்பு வரப்போகுது," என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. "பத்துத் தரம் விழாமல் நிக்கட்டும், பிறகு போங்கோ. அதுவரைக்கும் கொழும்புக் கதை கதைக்க வேண்டாம்."

அது நடக்காது என்று அம்மா நம்பியிருந்தார்.

அடுத்த நாள் நான் குத்தியின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கையை நசித்து ஒட்டினேன். அப்பா வென்றால் கொழும்பிலிருந்து கலர்ப் பென்சில் வரும் என்ற எண்ணமும் இருந்தது.

அம்மா வாசலில் நின்று எண்ணினார். எட்டுக்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. பத்து முடிந்ததும் குசினிக்குள் போய்விட்டார்.

அப்பா குத்தியை எடுக்கப் போனார்; அது கழன்று வரவில்லை. நகத்தால் கிளப்பினார். பருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் குழலைச் சாரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், கை நடுக்கம் நிண்டிட்டுது. ஞாயிறு வெளிக்கிடுறன்," என்றார் குசினிப் பக்கம் பார்த்து.

"ஓம்," என்றது குசினி.

ரயில் புறப்பட்டபோது அப்பா எங்களுக்கு இடது கையைத்தான் அசைத்தார். அம்மாவை ஏமாற்றியதில் அப்பாவும் நானும் கூட்டு என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பயம் தீர்ந்தவர்கள்தான் பயணம் போவார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.