புரட்டாதிப் பங்கு

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் நான்கு தமிழ் வீடுகளுக்கும் வருடம் இப்படித்தான் ஓடியது. மாசியில் சியாகுல்லித் தோட்டங்களுக்கு மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போவோம். பங்குனியில் சாளை கரைக்கு வரும். அதனுடன் சேர்த்துச் சமைக்க வீதியோரத்தில் காட்டுச் சோம்புத் தழை பிடுங்குவோம். ஆனி ஆடியில் எங்கள் எசமானிகளான சிக்னோராக்கள் தங்கள் கடற்கரை வீடுகளுக்கு எங்களையும் வேலைக்கு அழைத்துப் போவார்கள். படகு சும்மா கிடக்கும். ஆவணி முடிவில், இந்த ஊர் மீனவர்கள் செய்வதுபோல, பனையோலைகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவோம். புரட்டாதியில் அந்த நிழலுக்குக் கீழே காப்போனே வந்து கூடும். தலை பருத்து, உடம்பு பொன்போல மின்னும் மீன் அது. மார்கழியில் கணவாய். புரட்டாதிச் சனியிலும் கந்தசஷ்டி ஆறு நாளும் படகு இறங்காது. விரதம் எங்களுக்கு, ஓய்வு மீனுக்கு.

படகு நான்கு வீட்டுக்கும் பொது. முதல் காப்போனே வரும் நாளில் பங்கு பிரிப்போம். ஒருவர் மீனைக் குவியலாக வைப்பார். இன்னொருவர் முதுகைக் காட்டி நின்று, "இது ஆருக்கு?" என்ற கேள்விக்கு வீட்டைச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் தன் வீட்டைக் கடைசியில்தான் சொல்வார். சொன்னதை மாற்றக் கூடாது. படகுக்குக் கப்பித்தானோ, அதாவது தலைவன், நான்; முதுகு காட்டி நிற்பவனும் எப்போதும் நான்தான்.

நான்காம் வீட்டு நண்பன், எங்களுக்கு ஓலை கட்டப் பழக்கியவன், இறந்துபோனான். வியா மக்வேதா என்ற வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் அவன் மனைவி தனியாக இருந்தாள். அந்த வருடம் படகில் பன்னிரண்டு மீன் வந்தது; இறக்கும்போதே எண்ணிவிட்டேன். திரும்பி நின்றேன். ஈரச் சீமெந்தில் மீன் விழும் சத்தம் கேட்டது. நான்கு தடவை. குவியல் வைக்கும் என் மகன் ஓரடி தள்ளிப்போகும் காலடி கேட்டது. மறுபடி நான்கு. மறுபடி நான்கு. பிறகு சத்தம் இல்லை. மூன்று குவியல்தான். எந்த வீட்டை விட்டிருக்கிறான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"இது ஆருக்கு?" என்றான் மகன்.

"வியா மக்வேதா வீட்டுக்கு."

"அப்பா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சொல்லிப்போட்டன்."

பொலிதேயாமாப் பகுதியில் சமையல் வேலை செய்கிற இன்னொரு வீட்டுக்காரன் சிரித்தான். "விடு தம்பி, வீடு சொல்லியாச்சு. இண்டைக்குக் கப்பித்தானோ பருப்போடை சாப்பிடட்டும்."

அடுத்த குவியலை அவனுக்குச் சொன்னேன். மூன்றாவதை, மாடிப்படி கழுவும் வேலை செய்கிறவனுக்கு. பிறகு திரும்பினேன். எங்கள் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான் கிடந்தது.

"அந்த வீட்டிலயிருந்து கயிறு பிடிக்க ஆர் வருகினம்?" என்றான் மகன்.

"ஓலை கட்டப் பழக்கினவன்ரை வீடு."

"செத்த ஆளுக்கு மீன் என்னத்துக்கு?"

மற்ற இருவரும் தங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் போனான்.

அடுத்த வருடம் மகன் தராசு வாங்கினான். கடலுக்கு வந்தவர்களுக்கு மட்டும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். முதுகு காட்டி நிற்க ஆள் வேண்டாம். சனிக்கிழமையும் படகு இறங்குகிறது. மிச்சத்தை வைக்கப் பெரிய ஃப்ரீசர் வந்திருக்கிறது. போன பங்குனியில் நாங்கள் தின்றது ஐப்பசி மீன்.

இந்தப் புரட்டாதியில் மகன் ஒரு பையை நீட்டினான். "அப்பா, உங்களுக்கு ரெண்டு." ஒன்றை எடுத்துக்கொண்டு வியா மக்வேதாவுக்குப் போனேன். நண்பனின் மனைவி கதவைத் திறந்து பையைப் பார்த்தாள்.

"பங்கு பிரிச்சவையோ, அண்ணை?"

"இல்லை. நான் கொண்டு வந்தனான்."

"அப்ப இது உங்கட வீட்டு மீன். நான் எப்பிடி வாங்கிறது? உள்ள வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

குடித்தேன். காலடியில் பை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நானும் மறுபடி நீட்டவில்லை. திரும்பக் கொண்டுவந்த மீனை மருமகள் மற்றதோடு ஃப்ரீசரில் வைத்தாள். கணவாய்க் காலம் வந்துவிட்டது. இரண்டும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன.