ஸ்கூட்டர் கைப்பிடி வைத்த நாற்காலி

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், மன்றாட்டுத் திருப்பலிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார்க்கும் நண்பர்க்கும் தங்கையாகிய நான் எழுதுவது.

அண்ணன் பிறந்தது புதுவை நகரில். தந்தையார் மறைந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, புதுவையிலேயே உள்ள மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து எங்களைக் கரையேற்றினார். ஓய்வு பெற்றபின், பிறர் கழித்தவற்றைக் கொண்டு வீட்டுக்கு வேண்டியவற்றைச் செய்யத் தொடங்கினார். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒதுக்கிய படகின் உந்துவிசிறி மேசைவிளக்கின் அடியாயிற்று. துணி துவைக்கும் இயந்திரத்தின் உருளை முக்காலியாயிற்று. எதற்கும் வண்ணம் பூசமாட்டார். "எது எதுவா இருந்துச்சோ, அது தெரியணும்" என்பார். உடைசல் கொண்டுவந்து கொடுப்பவர் யாராயினும் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கும்பிடுவார்.

அண்ணன் மூச்சுத் திணறலால் படுக்கையில் விழுந்திருந்தபோது, கிறிஸ்துமசுக்கு மொட்டைமாடியைத் துப்புரவு செய்த நான், அங்குக் கிடந்த இரும்பையெல்லாம் காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் அண்ணன் கேட்டார்:

"பாப்பா, மாடியில ஒனக்கு நாற்காலி செஞ்சி வச்சிருக்கேனே, ஒக்காந்து பாத்தியா? முட்டி வலிக்கு எதமா இருக்கா?"

அந்த இரும்போடு நாற்காலியும் போயிருந்தது. "பாத்தேண்ணே. நல்லா இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். உடைத்திருப்பார்கள் என்றே நினைத்தேன். கடைக்காரரோ அந்த நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார்.

"ஒடைக்கத்தான் சுத்தியல எடுத்தேன் யக்கா. சும்மா ஒரு தரம் ஒக்காந்து பாத்தேன். அப்பறம் எங்க ஒடைக்கிறது?"

அவரே அதைத் தம் வண்டியில் ஏற்றி வந்து, அண்ணனின் கட்டிலருகே இறக்கினார். அண்ணன் அவரிடம் மட்டும் கேட்டார்:

"சொல்லுப்பா, இது இரும்பா, நாற்காலியா?"

"நாற்காலிதாண்ணே."

"மெர்சி." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீ இப்பவாவது ஒக்காரு, பாப்பா."

என் பொய் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அமர்ந்தேன். முன்னோக்கி வளைந்த பழைய ஸ்கூட்டர் கைப்பிடியைப் பற்றி, எவர் தோளையும் பிடிக்காமல் எழுந்தேன். அண்ணன் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார். இரண்டு வாரத்தில் அமைதியாக விடைபெற்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய பாரம் எதையும் அவர் என்னிடம் விட்டுச் செல்லவில்லை.

அவருக்கு மருந்தளித்த மருத்துவர்க்கும், இறுதிவரை உடனிருந்த அண்டை வீட்டார்க்கும், சுத்தியலைக் கீழே வைத்த அந்தக் கடைக்காரர்க்கும் அண்ணனின் சொல்லிலேயே நன்றி கூறுகிறேன்: மெர்சி.

திருப்பலி முடிந்து வீட்டுக்கு வாருங்கள். அவர் செய்தவை யாவும் கூடத்தில் இருக்கின்றன. தொட்டுப் பார்த்துவிட்டு நில்லாதீர்கள்; உட்காருங்கள்.