வயிற்றை அமுக்கிய கை

இது என் அக்காவுக்கு நடந்தது. கட்டுக்கதை இல்லை. நான் அவளிடம் வேறு வேறு நாட்களில், நடுவில் பேச்சை மாற்றிவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை. பிறகு அன்று அந்த அறையில் இருந்தவர்களையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர்கள் சொன்னதும் அதேதான். எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை என்பது வேறு விஷயம். நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை. சாயந்திரம். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா பிரசவ டாக்டர். அந்த ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிக்குப் பொறுப்பாகச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரத்தத்தைப் பார்த்து இல்லை; ரத்தம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. வரிசையாகக் கட்டில்கள். நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. பெண்கள் துணி விலகிக் கிடக்கிறார்கள். கதவு ஆவென்று திறந்திருக்கிறது. பல்பு மாட்ட வருகிறவன், தண்ணீர்க் கேன் வைக்க வருகிறவன், எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வலியில் கத்தியவளின் தொடையில் ஓர் ஆயா பளாரென்று அறைந்தாள். அறைந்த கையாலேயே பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

"அப்ப மட்டும் இனிச்சுதா? இப்ப எதுக்குக் கத்துற?"

நர்சுகள் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்தவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. அன்று அவளால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே முடியவில்லை.

நிர்வாகியோடு மல்லுக்கட்டித் திரை வாங்கினாள். அடி, வசவு இரண்டுக்கும் தடை போட்டாள். குழந்தை சீக்கிரம் வரட்டுமென்று மேலிருந்து வயிற்றை அமுக்குகிற பழக்கம் அங்கே இருந்தது. கர்ப்பப்பை கிழிந்தே போகலாம். அதை அடியோடு நிறுத்தினாள். கடைசியாக, பிரசவிக்கும் ஒவ்வொருத்திக்கும் அவளுடைய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்று ஏற்பாடு செய்தாள். அம்மாவோ, தோழியோ, யாரை அவள் கேட்கிறாளோ அவர்.

தலைமை நர்சைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். நாக்கில் கத்தி வைத்திருப்பவர்.

"டாக்டரம்மா, இது பிரசவ வார்டா, பஸ் ஸ்டாண்டா? வாசல்ல டிக்கெட் கிழிக்க ஆள் போடலாமா?"

"போடுங்க சிஸ்டர். முதல் டிக்கெட் உங்களுக்குத்தான்."

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருத்தி வீட்டுக்குக் கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எல்லாரும் தங்கமானவங்க டாக்டர். அந்த அம்மாதான்..."

"எந்த அம்மா?"

"வயித்தை அமுக்கினாங்களே. கை ஒரே ஈரம். 'நான் இன்னும் சாப்பிடல, சீக்கிரம் தள்ளு'ன்னு சொல்லிட்டே அமுக்கினாங்க."

அக்கா அவள் வயிற்றைப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது. உள்ளங்கை ஒன்று. ஐந்து விரல்கள். நீளமான, ஒல்லி விரல்கள்.

அக்காவின் சந்தேகம் பெரிய சிஸ்டர்மேல் போனது. ஆனால் பெரிய சிஸ்டருக்குக் குட்டைக் குட்டையான தடித்த விரல்கள். அடுத்த வாரம் இன்னொருத்தி வந்தாள். அதே தடம். அதே பேச்சு. பிறகு மற்றொருத்தி. துணைக்கு இருந்தவர்கள் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். தோண்டிக் கேட்டால், ஒருவர் தண்ணீர் எடுக்கத் திரும்பியிருக்கிறார், ஒருவர் பயத்தில் கண்ணை மூடியிருக்கிறார்.

நிர்வாகிக்கு வாய்ப்பாகப் போயிற்று.

"அமுக்குறதை நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்க. வயித்துல கைத் தடம் இருக்கு. வெளியாளுங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. இன்னும் ஒண்ணு வந்தா, துணைக்கு ஆள் கிடையாது. திரையும் கிடையாது. பழையபடிதான்."

அக்காவுக்கு அந்தப் பிஸ்கட் கடித்த வாய் நினைவுக்கு வந்தது. அடுத்த பிரசவத்தில் தானே கடைசிவரை இருப்பது, ஓர் அடிகூட நகர்வதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வந்தவள் முதல் பிரசவக்காரி. துணைக்கு அவள் கேட்ட ஆள், மாமியார். சலவைக்கடை நடத்துகிறவர். முழங்கைவரை சோப்பில் ஊறி வெளுத்த கைகள். வாய் ஓயவில்லை.

"ஏம்மா டாக்டர், உனக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்லம்மா."

"அதான் இவ்வளவு தைரியமா நிக்கிற."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்களேன்..." மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் சும்மா இருந்தா நீ பயந்துடுவேடி. கத்து, நல்லாக் கத்து. என்னைத் திட்டணும்னாலும் இப்பவே திட்டிக்கோ. நாளைக்கு விடமாட்டேன்."

மருமகள் வலியிலும் சிரித்துவிட்டாள். திரைக்குள் நான்கே பேர். அக்கா, மாமியார், மருமகள், பெரிய சிஸ்டர்.

ஐந்தரை மணி இருக்கும். குழந்தையின் தலை இறங்கத் தொடங்கியது. அக்கா புதுக் கையுறைப் பொட்டலத்தைக் கிழித்தாள். வலது கையைக் கையுறைக்குள் விட்டாள்.

உள்ளே ஈரம்.

வெதுவெதுப்பான, கொழகொழவென்ற ஈரம். யாரோ அந்த நொடிதான் கையை உருவிக்கொண்டு போனது மாதிரி.

உதறி எறிந்தாள். இன்னொரு பொட்டலம். சீல் பிரியாதது. கிழித்தாள். விரல் நுழைந்தது.

அதே ஈரம்.

அப்போதுதான் வாடை வந்தது. பழைய ரத்தம் ஊறிய பஞ்சை டப்பாவில் போட்டு மூடி, நாள் கணக்கில் வைத்துத் திறந்த வாடை.

"சிஸ்டர், உங்களுக்கு வருதா?"

பெரிய சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். முகம் வெளிறியிருந்தது. மூன்றாவது பொட்டலத்தைக் கிழித்து நீட்டினார். அது காய்ந்திருந்தது. அக்கா மாட்டிக்கொண்டாள்.

"ஐயோ, அமுக்காதீங்க!"

மருமகள் அலறினாள். அக்காவின் கைகள் கீழே இருந்தன. பெரிய சிஸ்டர் சுவரோரம். மாமியார் தலைமாட்டில்.

வயிற்றின்மேல் யாருமில்லை.

ஆனால் வயிறு குழிந்தது...

முதலில் ஒரு வட்டக் குழி. பிறகு, ஒவ்வொன்றாக, ஐந்து பள்ளங்கள். மாவில் விரல் புதைகிற மாதிரி. அவை கீழ்நோக்கி நகர்ந்தன. தோல் சுருண்டு மடிந்தது. ஈரம் பளபளத்தது.

அக்காவின் காதோரம் ஒரு மூச்சு. வெறும் வயிற்றிலிருந்து வருகிற புளித்த மூச்சு.

"நான் இன்னும் சாப்பிடல..."

சலித்துப்போன குரல்.

"சீக்கிரம் தள்ளு..."

குழந்தையின் தலை அவள் கையில் இருந்தது. விட முடியாது. விட்டால் போச்சு. மேலே அந்தக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடும்...

மாமியார் கண்ணிமைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பாய்ந்தார்.

"எவடி அவ? என் மருமக மேல கை வைக்கிறவ!"

காற்றில் எதையோ இரண்டு கையாலும் பிடித்தார். அது இருந்தது. பிடி நின்றது.

துணி பிழிகிற மாதிரி முறுக்கினார்.

சொட்டியது.

பழுப்பாக, கட்டில் விரிப்பில்.

குழி மேலெழுந்தது. வயிறு தானாக இறுகியது. மருமகள் ஒரே மூச்சில் முக்கினாள்.

குழந்தை அழுதது.

வாடை போய்விட்டது.

மாமியார் தொட்டியில் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தார். ஒரு முழுச் சோப்பு கரைந்தது.

"மணிக்கட்டு அது. ஊறிப்போன சோப்புக் கட்டி மாதிரி வழுக்குச்சு... சீ, த்தூ!"

பேரனைப் பிறகுதான் தூக்கினார்.

காலையில் நிர்வாகி வந்தார். மருமகளின் வயிற்றில் நீலத் தடம் தெரிந்தது. பாதிதான் விழுந்திருந்தது.

"பார்த்தீங்களா டாக்டர்? இதைத்தான் சொன்னேன். இன்னையிலிருந்து..."

"நில்லுய்யா." மாமியார் எழுந்தார். "நான் பக்கத்துலயே இருந்தேன். கண்ணைக்கூட மூடல. டாக்டர் கை கீழ இருந்துச்சு. இந்த சிஸ்டர் அந்தச் சுவத்துல ஒட்டிட்டு நின்னாங்க. உங்க ஆளுங்க ஒருத்தரும் தொடல. நான் மட்டும் இல்லாம இருந்திருந்தா என் மருமக கிழிஞ்சு போயிருப்பா. அப்புறம் நீயா வந்து பிடிச்சிருப்ப? துணையை வெளிய அனுப்புவியா? அனுப்பித்தான் பாரேன், ஊருக்கே துணி வெளுக்கிறவ நான்."

"அப்ப... யாருதான் அமுக்கினது?"

மூலையில் சுருட்டிப் போட்டிருந்த கட்டில் விரிப்பை மாமியார் எடுத்து விரித்துக் காட்டினார். நிர்வாகி அதிலிருந்த பழுப்புக் கறையைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். துணையும் திரையும் தங்கின.

அன்று மதியம் பெரிய சிஸ்டர் அக்காவை மருந்து அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பேச்சு எனக்குத் தெரியும் டாக்டர். பழைய பெரிய டாக்டர். எங்களுக்கெல்லாம் வேலை சொல்லிக்கொடுத்தவங்க. அமுக்கம்மான்னுதான் பேரு. மதியம் ஆயிட்டா பொறுமை இருக்காது. 'நான் இன்னும் சாப்பிடல'ன்னு சொல்லிட்டே ஏறி அமுக்குவாங்க. எத்தனை பேருக்குக் கிழிஞ்சுதோ... நாங்க பார்த்துட்டு நின்னோம்."

"அவங்க எப்ப செத்தாங்க?"

பெரிய சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாகலையே."

அந்தப் பழைய டாக்டர் இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு மறுநாள் அக்கா போனாள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். நடையிலேயே அந்த வாடை. கட்டிலில் ஓர் எலும்புக்கூடு, கழுத்துவரை போர்வை. கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

"பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்ல, அசைவில்ல," என்றாள் பார்த்துக்கொள்ளும் பெண். "வாய் வழியா சாப்பிடறதே கிடையாது. எல்லாம் குழாய்தான். அந்த வலது கைதான் எங்க உசுரை வாங்குச்சு. எப்பப் பாரு ஈரம். துடைக்கத் துடைக்க ஊறும். நாத்தம் தாங்காம பஞ்சு சுத்தி வைப்போம்."

"இப்பவும் அப்படியா?"

"இல்ல டாக்டர். முந்தாநேத்து சாயந்திரத்துல இருந்து சுத்தமாக் காஞ்சுடுச்சு."

அக்கா மூச்சை விட்டாள். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு அவள் விட்ட முதல் முழு மூச்சு அதுதான்.

அந்தப் பெண் போர்வையை விலக்கினாள்.

"பஞ்சை இடது கைக்கு மாத்திட்டோம்."